வந்துச்சு, போச்சு

‘ஸ்டார்ட்டர்தான் கோளாறு, சோக்கு இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி லேசாகத் திருகிவிட்டால் இந்த டியூப்லைட் துடிப்பது நின்றுவிடும்.’ நீங்கள் கேள்வி கேட்டபோது நான் இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் காதில் விழவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் மேடம். ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். தையல்காரர் ஆளைப் பார்க்கும் முன்னால் சட்டையைப் பார்ப்பார் அல்லவா, அந்த மாதிரி தொழில் புத்தி.

இன்னொரு தடவை கேட்டீர்கள். மலை உச்சியைத் தாண்டினால் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, மூச்சு முட்டுகிற மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் தம்பி வண்டியை ஏன் கீழே திருப்பினார் என்று. நியாயமான கேள்வி. அவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். ஆயில் லைட் வந்தது, நான்தான் திருப்பினேன், என்னால்தான் அவள் செத்தாள், என்னை உள்ளே போடுங்கள். போன வாரமும் வந்து இதையே சொன்னானாம். அதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்று நீங்கள் பொறுமையாக அனுப்பி வைத்தும், இன்று மறுபடி வந்து ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அக்கா வந்து நாலு வார்த்தை சொல்லி வீட்டுக்குக் கூட்டிப் போகட்டும் என்று எனக்கு ஆள் அனுப்பினீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

அவன் எனக்கு ஃபோன் செய்ததை உங்களிடம் சொல்லவில்லை, இல்லையா? நினைத்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

அப்படியானால் நான்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும். எனக்கும் முன்போல் பேசத் தெம்பு இல்லை. ஒயர் சமாச்சாரம் புரியாவிட்டால் கேளுங்கள், நிறுத்திச் சொல்கிறேன்.

எங்கள் பட்டறைக்குப் பழைய வண்டிகள்தான் வரும். புது வண்டிக்காரர்கள் கண்ணாடிக் கதவு வைத்த இடங்களுக்குப் போய்விடுவார்கள். தம்பிக்கு எஞ்சின் வேலை, எனக்கு ஒயரிங் வேலை. கரண்டு அக்கா என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தகரம் தட்டுகிற டிங்கர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். வாய் ஓயாத மனிதர். அவ்வளவுதான் பட்டறை. அம்மா போனபோது தம்பி நடக்கப் பழகவில்லை. அப்பா அவனை என் இடுப்பில் வைத்துவிட்டு எஞ்சினுக்குள் தலையை விட்டவர்தான், பிறகு நிமிரவே இல்லை. எனக்குக் கல்யாணம் பேச யாருக்கும் நினைவு வரவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எஞ்சின் வேலை தனியாள் வேலை. தம்பி குனிந்தால் மணிக்கணக்கில் ஒரு வார்த்தை வராது, பக்கத்தில் இடி விழுந்தாலும் ‘ம்’ என்பான். ஆனால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்து வந்து போகிறது என்று ஒரு வண்டி வந்தால், அதற்கு இரண்டு பேர் வேண்டும். நிலையாக இருக்கிற கோளாறை யாரும் பிடித்துவிடலாம். வந்து போகிற கோளாறு அப்படி இல்லை. டாக்டரைப் பார்த்ததும் பல்வலி ஓடிப்போகிற மாதிரி, பட்டறை வாசலைக் கண்டதும் விளக்கு சாதுவாக அணைந்துவிடும். ஒருத்தர் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்க்க வேண்டும். இன்னொருத்தர் சீட்டில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

“வந்துச்சு.”

“இப்போ?”

“போச்சு.”

“இப்போ?”

“இல்ல. இல்ல. ஆ, வந்துச்சு.”

இப்படியே போகும். நடு நடுவில் அவன் பேசுவான். விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் கூச்சமில்லாமல் பேசுவான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியை, பின்னால் சுற்றிய பெண்ணை, அப்பா செத்த அன்று அழுகை வராததை, எல்லாவற்றையும் நான் அவன் முழங்காலைப் பார்த்தபடி கேட்டவள். என் முகம் அவனுக்குத் தெரியாது, அவன் முகம் எனக்குத் தெரியாது. நான் வாழ்ந்தேன் என்று சொல்ல எனக்கு இருப்பது அந்தச் சாயங்காலங்கள்தான்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. நான்தான் பார்த்து வைத்தேன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. டிங்கர் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பேர் வைத்தார், அவள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். நல்ல பெண். அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது. இழுப்பு நோய் மட்டும் உண்டு. தூசி பட்டால் மூச்சு விசில் அடிக்கும். கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் வைத்திருப்பாள். அவள் வந்தபின் சாயங்காலம் ஆனால் தம்பி கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். சீட்டில் உட்கார டிங்கர் வருவார். அவர் விளக்கைப் பார்க்கவே மாட்டார், ஊர்க்கதை பேசுவார்.

மலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பாவுக்கு ஒரு காலி இடம் இருந்தது. அவர் தவறியபின் அது அவளுக்கு வந்தது. அங்கே சொந்தமாகப் பட்டறை போடலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். என்னிடமும் முறையாகக் கேட்டார்கள். நான் நல்லது, போங்கள் என்றேன். அப்படித்தானே சொல்ல முடியும்?

எங்களிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது, அப்பா வைத்திருந்தது. தட்டுமுட்டுச் சாமானையும் கருவிகளையும் அதில்தான் ஏற்றிப் போவதாக ஏற்பாடு. கிளம்புவதாக இருந்த வாரத்தில் அதன் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து மின்னின. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் வேலை இல்லை. சம்பந்தமில்லாத விளக்குகள் சேர்ந்து எரிந்தால் பெரும்பாலும் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். எனக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனாலும் மேலே மலைச்சாலை, தம்பி பயந்த சுபாவம். “அக்கா, முழுசாப் பாத்துடலாம்” என்று தானாகவே வந்து சீட்டில் உட்கார்ந்தான்.

அந்த வாரம் முழுவதும் பார்த்தோம். முதல் நாளே அந்த எர்த்தைச் சுரண்டி முறுக்கியிருக்கலாம். நான் அதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் முதலில் செய்தது. அது பெரிய பாவமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கோளாறைக் கடைசியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவளுக்கு, இல்லாத கோளாறை முதலில் வைக்கவும் தெரியும். எர்த் சரியானபின் அவர்கள் மறுபடி நாள் குறித்தார்கள். பிரேக் விளக்கு வந்தது. அதைத் தேடிப் பார்த்துச் சரிசெய்தேன். பிறகு பேட்டரி விளக்கு. டிங்கர் கேலி செய்ய ஆரம்பித்தார்.

“தம்பி, இந்த வண்டி உன்னைப் பாத்துக் கண்ணடிக்குதுப்பா. கண்ணாடிக்காரிகிட்ட சொல்லிடாத, சண்டைக்கு வந்துடுவா.”

“சும்மா இருங்கண்ணே. மலை ஏறும்போது காலை வாரினா நீங்களா தள்ளுவீங்க?”

“நான் தள்ள மாட்டேன். உங்க அக்கா தள்ளுவாங்க. எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுக்க.”

டிங்கர் யோசித்துப் பேசுகிறவர் இல்லை. வாயில் வந்ததைச் சொல்வார். நான்கூடச் சிரித்தேன்.

ஆனால் பேட்டரி விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் பயம் தேய்ந்துவிடும். ஒன்றுமில்லை என்று தெரிந்துபோனால் ஆள் கிளம்பிவிடுவான். ஆயில் லைட் அப்படி இல்லை, எஞ்சினுக்குள் எண்ணெய் ஓட்டம் நின்றால் வருவது அது. தம்பி வேலை பழகிய புதிதில், ஆயில் லைட் எரியும்போது அடுத்த வளைவு வரை போய்விடலாம் என்று ஒரு வாடிக்கையாளருடைய வண்டியை அவன் ஓட்ட, எஞ்சின் கல்லாக இறுகிப்போனது. அப்பா அவனை அடிக்கவில்லை. அந்த எஞ்சினைப் பட்டறை நடுவிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தார், அதைச் சுற்றிக்கொண்டுதான் அவன் நடக்க வேண்டும். அன்றிலிருந்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தால் அவன் கை தானாகச் சாவிக்குப் போகும். வேறு யாராக இருந்தாலும், ஆத்திர அவசரத்துக்கு விளக்கைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பார்கள். வண்டி தெரியாதவர்களுக்கு அந்த வசதி உண்டு.

அந்த விளக்குக்குப் போகிறது ஒற்றை ஒயர். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது எஞ்சினில் உள்ள சுவிட்ச் அந்த ஒயரை இரும்போடு இணைக்கும், விளக்கு எரியும். அப்படியானால் அந்த ஒயர் வேறு எங்கே இரும்பைத் தொட்டாலும் விளக்கு எரியும், எண்ணெய் எவ்வளவு இருந்தாலும். நான் எஞ்சினுக்குப் பின்பக்கம் ஒரு பட்டைக்கு எதிரே, கையை விட்டால் மட்டும் தட்டுப்படுகிற இடத்தில், ஒயரின் தோலைக் கொஞ்சம் சுரண்டினேன். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது எஞ்சின், தன்னைத் தாங்குகிற ரப்பர் மேல் லேசாகச் சாயும். அப்போது ஒயர் பட்டையைத் தொடும். சமதளத்தில் தொடாது. இறக்கத்தில் தொடவே தொடாது. போக விடாது, திரும்பி வர விடும். அப்படி ஒரு கோளாறை அமைப்பது சுலபமில்லை மேடம். எத்தனையோ தடவை இழுத்துக் கட்டிப் பார்த்தேன்.

அதைத் தேடுகிற சாக்கில் மறுபடி சாயங்காலங்கள் வந்தன. ஒரு நாள் தம்பி உதிரி பாகம் வாங்கப் போயிருந்தான். கண்ணாடிக்காரி வேலை முடிந்து வந்தவள், “நான் உக்காரவா அண்ணி?” என்று சீட்டில் ஏறினாள். கடையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

“முன்னாடி தெளிவா இருந்துச்சா, இப்போ தெளிவா இருக்கா?”

“விளக்கைப் பாத்துச் சொல்லும்மா.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன். வரல. வரல. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, வரேன்னுட்டு வரல.”

நான் பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கம் போனேன். அவளும் இறங்கிப் பின்னால் வந்து நின்றாள். நான் வழக்கம்போல ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டு போனேன். தொட்டுக்கொண்டு போவதாக நினைத்தேன். பிறகு அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“எங்க கடைக்கு லைசென்ஸுக்காகச் சில பேர் வருவாங்க அண்ணி. பலகையில இருக்கிற எழுத்தை முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவாங்க. கடகடன்னு சரியாச் சொல்லுவாங்க. ஆனா கண்ணு தேடாது. தெரியாததைத் தேடுற கண்ணு அலையும். தெரிஞ்சவங்க கண்ணு அலையாது.”

நான் கையை எடுக்கவில்லை. என் கை அந்தப் பட்டைக்குப் பின்னால் இருந்தது.

“அவர்கிட்ட நான் எதுவும் சொல்லலை” என்றாள். “சொல்லவும் மாட்டேன். நாங்க போனாலும் வாரா வாரம் வருவோம் அண்ணி. வண்டியில கோளாறு இல்லாமலே வருவோம். நீங்களும் எங்ககூட வந்துடுங்களேன். அங்கயும் ஒயர் இருக்கும்.”

என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவனிடம் சொல்லியிருந்தால்கூட, இல்லை என்று சாதித்திருப்பேன், அவன் என்னைத்தான் நம்பியிருப்பான். அவள் என் மேல் பரிதாபப்பட்டாள். என் வீட்டுக்கு நான் கொண்டுவந்த பெண், வந்து போகிற கோளாறை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டு, பிடித்த கையோடு மன்னித்தும் விட்டாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போடும்போது ஒரு கரண்டி கூடப் போடுவதாகத் தோன்றியது.

அதனால் நான் விட்டுக்கொடுத்தேன். வண்டி சரியாகிவிட்டது, நாள் குறியுங்கள் என்றேன். தம்பிக்கு ஒரே சந்தோஷம். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், நன்றி சொல்கிற மாதிரி. ஒயரில் நான் டேப் சுற்றியிருக்க வேண்டும். சுற்றத்தான் போனேன். டேப் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாதி மலை ஏறியதும் விளக்கு வரும், அவன் திரும்பி வருவான், அதற்குமேல் இந்த ஊரைவிட்டுப் போகிற எண்ணமே வராது என்று நினைத்தேன். ஒருத்தருக்கும் ஒரு சேதமும் வராத ஏற்பாடு. அப்படித்தான் இருந்தது, காகிதத்தில் போட்டுப் பார்த்தால்.

அன்று காலையிலிருந்து சாமான் கட்டியதில் வீடு முழுக்கத் தூசி. அவளுக்கு மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்திருந்தது. இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டே கயிறு கட்டினாள். “போற வழியில காத்துல சரியாயிடும்” என்றாள். டிங்கர்தான் கையசைத்து அனுப்பினார். நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன்.

மத்தியானத்துக்குமேல் ஃபோன் வந்தது.

“அக்கா, ஆயில் லைட் வந்துச்சு. கொண்டைவளைவு தாண்டி நிறுத்தியிருக்கேன்.”

“எண்ணெய் பாத்தியா?”

“பாத்தேன். அளவு சரியா இருக்கு. ஸ்டார்ட் பண்ணா போகுது, ஏத்தத்துல கிளப்பினா வருது. அக்கா, ஆயில் பம்ப் போயிருந்தா சும்மா ஓடும்போதுதானே வரணும்? இது ஒயர் மாதிரிதான் தெரியுது எனக்கு. நீ என்ன சொல்ற?”

அவன் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை, அந்த நேரத்தில் முதலில் வந்தது பெருமைதான்.

“இவளுக்கு வேற இழுப்பு அதிகமாயிடுச்சுக்கா. மருந்தும் தீந்துபோச்சு. உச்சியைத் தாண்டினா அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. எஞ்சின் இறுகிட்டா நடுக்காட்டுல மாட்டிக்குவேன். ஓட்டட்டுமா? நீ சொல்லு, ஓட்டுறேன்.”

நான் பதில் சொல்வதற்குள் ஃபோன் கை மாறியது. முதலில் மூச்சுதான் கேட்டது, பிறகு அவள் குரல்.

“அண்ணி. வண்டி நல்லா இருக்குன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் ஓட்டுவார்.”

அவள் நினைத்திருந்தால் அவனிடம் நேராகச் சொல்லியிருக்கலாம், இது உங்கள் அக்கா வேலை என்று. சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். என்னையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள், அவ்வளவுதான். வண்டி நல்லா இருக்கு. சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் சொன்னால், இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் ஒரு நாள் யோசிப்பான். இன்று இல்லாவிட்டால் நாளை. அவன் நிதானமாக யோசிக்கிறவன்.

“பாக்காம எப்படிம்மா சொல்றது?” என்றேன். “அவன்கிட்டக் குடு.”

அவள் கொடுத்துவிட்டாள்.

“மேல ஏத்தாத” என்றேன் தம்பியிடம். “திருப்பு. இறக்கம்தானே, எஞ்சினுக்குச் சிரமம் இருக்காது. நம்ம ஊர்லயும் டாக்டர் இருக்கார். வீட்டுக்கு வந்துடு.”

“கீழ ரொம்ப தூரம்கா.”

“மெதுவா வா.”

எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், வண்டியைப் பார்க்காமல் உறுதி சொல்லக் கூடாது என்று. தொழிலில் நான் ஒரு வார்த்தை பிசகாகப் பேசவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, அவர்கள் பசியோடு வருவார்களே என்று அரிசி களைந்தேன். உலையில் போட்டபிறகுதான் பார்த்தேன், இரண்டு பேருக்குத்தான் அளந்திருக்கிறேன். பழைய பழக்கம். அதற்கு வேறு அர்த்தம் எடுக்காதீர்கள்.

வண்டி வாசலில் வந்து நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. எஞ்சின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. சாமான் கட்டிய கயிறு ஒன்றுகூட நெகிழவில்லை. அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. டிங்கர்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். தம்பி ஸ்டியரிங்கை விடாமல் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வழி பூராவும் லைட் வரவே இல்லக்கா” என்றான்.

மறுநாள், வீடு நிறைய ஆள் இருந்தபோது, நான் வாசலுக்குப் போய் பானெட்டைத் தூக்கி அந்த ஒயரில் டேப் சுற்றினேன். பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு வேலை முடிந்தால் உடம்பில் ஒரு நிம்மதி வரும், அது அன்றும் வந்தது.

பிறகு தம்பி அந்த எஞ்சினை முழுதாகப் பிரித்தான். உள்ளே எங்காவது ஒரு கீறலாவது இருக்க வேண்டும், தான் திருப்பியதற்கு ஒரு நியாயமாவது இருக்க வேண்டும் என்று தேடினான். பாகங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னின. மறுபடி பூட்டினான். என்னிடம் வந்து, “அக்கா, ஒரு தடவை ஒயரைப் பாரு” என்றான். பார்த்தோம். அவன் சீட்டில் உட்கார்ந்தான், நான் அடியில் படுத்துக்கொண்டேன். வரல, வரல, என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நடுவில் பேசினான். அவளைப் பற்றித்தான் பேசினான், பேசட்டும் என்று கேட்டேன். உங்களிடம் உள்ளதைச் சொல்வது என்று ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அவள் வருவதற்கு முன்னால் இருந்த மாதிரியே இருந்தன.

அதுவும் நிலைக்கவில்லை. இப்போது அவன் வண்டிப் பக்கமே வருவதில்லை. சோறு இறங்கவில்லை. ஒயர்தான் என்று எனக்கு அப்பவே தெரியும், தெரிந்தும் திருப்பினேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். நீ சொல்லித்தானே திருப்பினேன் என்று என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உள்ளே போனால்தான் நிம்மதி என்று உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறான். நான் எதற்காக இவ்வளவும் சொன்னேன் என்றால், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவனை உள்ளே வைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

என்னை என்ன செய்வீர்களோ, அது உங்கள் பாடு. நான் அந்த ஒயரைச் சுரண்டினேன். வண்டி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தேதான் திருப்பச் சொன்னேன். அவளுக்கு மூச்சு இல்லை என்பதும் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன், மாற்ற மாட்டேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். கதவைப் பார்க்கிறீர்கள். உங்கள் தம்பியை உள்ளே கூப்பிடுகிறேன், இதை நீங்களே அவரிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார் என்கிறீர்கள். தான் கொல்லவில்லை என்று தெரிந்தால்தான் அவர் சாப்பிடுவார், தூங்குவார் என்கிறீர்கள். குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள், அதற்கு நன்றி.

இல்லை மேடம். அது என்னால் ஆகாது. உங்களிடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், அவனிடம் மட்டும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள், அவன் தாங்க மாட்டான். மனைவியும் போய்விட்டாள், அவனுக்கென்று இப்போது நான் ஒருத்திதானே இருக்கிறேன்.